ஒவ்வொரு அழைப்பும் சரி, வரிசைதான் பிழைக்கிறது: நெல் கொள்வனவுச் சேவையை எப்படிச் சோதிப்பது?

விசுவமடுப் பெடியன் எழுதியது:

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கூட்டுறவு அமைப்பின் இணையச் சேவையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முன்னர் வேறொரு குழு எழுதியது. அவர்கள் போய்விட்டார்கள், கோட் மட்டும் இருக்கிறது. சேவை பைத்தனில், தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். களஞ்சியங்களில் நிற்பவர்கள் அன்ட்ரொய்ட் போனில் ஒரு செயலி வைத்திருக்கிறார்கள்.

வேலை நெல் கொள்வனவு. உழவு மிசினில் நெல் வந்து இறங்கியதும் களஞ்சியத்தில் நிற்பவர் அந்த நெல்லுக்கு ஒரு வரவை, அதாவது ஒரு பதிவை, செயலியில் திறப்பார். மூடைகளைத் தராசில் வைத்து நிறையைப் பதிவார். பிறகு ஈரப்பதத்தை அளந்து பதிவார். 14 சதவீதத்துக்கு மேலே போனால் வாங்குவதில்லை, காயவிட்டுக் கொண்டுவரச் சொல்லிவிடுவார்கள். அதற்குள் நின்றால் விலை உறுதியாகும், பற்றுச்சீட்டு போகும், கடைசியில் கணக்காளர் பணத்தை வங்கிக்கு விடுவார்.

ஒவ்வொரு அழைப்புக்கும் சோதனை எழுதியிருக்கிறது. நானும் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். எல்லாம் பச்சை. ஆனால் காலபோக அறுவடை தொடங்கிப் போன வாரம் சனம் நிறைந்தவுடன் இவை வந்தன: சில வரவுகளில் நிறை ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கிறது. ஒரு வரவுக்கு ஈரப்பதமே பதியவில்லை, விலை மட்டும் உறுதியாகியிருக்கிறது. இன்னொன்றில் பணம் விட்ட பிறகு ஈரப்பதம் வந்து விழுந்திருக்கிறது. கந்தோரில் இருந்து நானே செயலியைத் தட்டிப் பார்த்தால் இவற்றில் ஒன்றும் வருவதில்லை. களஞ்சியங்கள் சில உள்ளே தள்ளி இருப்பவை, அங்கே கவரேஜ் வந்து வந்து போகும். செயலி அனுப்ப முடியாததைச் சேர்த்து வைத்து, சிக்னல் கிடைத்ததும் ஒன்றாகத் தள்ளும்.

சேவை நடந்ததை எழுதி வைக்கிற லொக்கைப் பார் என்கிறார்கள். பார்த்தேன். எதைத் தேடுவதென்று தெரியாமல் எவ்வளவு நேரம் பார்ப்பது? என் கேள்வி இரண்டு. முன்னர் என்ன நடந்தது என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிற ஒரு சேவையை எப்படி ஒழுங்காகச் சோதிப்பது? அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழையை உடனே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? ஒவ்வொரு வரவுக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் ஒரு போகத்து உழைப்பு இருக்கிறது. பிழையாகக் காசு போனால் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வராது, குறைவாகப் போனால் அது இன்னும் மோசம்.


பம்பைமடு மாணவன் எழுதியது:

அண்ணை, முதலாவது பிரச்சினைக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நிறை பதிகிற அழைப்பு, புதிதாக ஒன்றைப் பதிய அனுப்புகிற போஸ்ட் முறையில்தானே போகிறது? போனும் சேர்வரும் பேசுகிற எச்.டி.டி.பி. நெறிமுறையின் பொருளை வரையறுக்கிற ஆவணமான ஆர்.எஃப்.சி. 9110, புட் (மாற்றி வைப்பது), டிலீட் (அழிப்பது) இரண்டையும் எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் ஒருமுறை அனுப்பிய விளைவே வரவேண்டிய முறைகள் என்கிறது. போஸ்டுக்கு அந்த உறுதி கிடையாது.

கவரேஜ் விட்டுப்போகிற இடத்தில் நடப்பது இதுதான். கோரிக்கை சேர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பதிவும் ஆகிவிட்டது, பதில் திரும்பி வரும் வழியில் தொலைந்துவிட்டது. போனுக்கு எது தொலைந்தது என்று தெரிய வழியே இல்லை. ஆகவே திருப்பி அனுப்புகிறது, சேர்வர் இன்னொரு நிறையாகக் கூட்டுகிறது.

செயலியில் பொத்தானை அழுத்துகிற கணத்திலேயே ஒரு தனித்துவ எண்ணை உருவாக்கிக் கோரிக்கையோடு சேர்த்து அனுப்பச் செய்யுங்கள். அனுப்பும்போது உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் வந்துவிடும், பயன் இல்லை. சேர்வரில் அந்த எண்ணுக்கு ஒரு தனித்துவக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு தரம் பதியாதபடி) போட்டு, நிறையைப் பதிகிற அதே பரிவர்த்தனைக்குள் (எல்லாம் பதியும், இல்லாவிட்டால் ஒன்றும் பதியாது) எழுதுங்கள். அதே எண் திரும்ப வந்தால் முதலில் கொடுத்த பதிலையே கொடுங்கள்.

இது இரட்டிப்புக்குக் காணும். மற்ற இரண்டுக்கும் காணாது என்று நினைக்கிறேன். அவை வரிசை சம்பந்தப்பட்டவை. தெரிந்த ஆக்கள் சொல்லுங்கள், நானும் படிக்க வேண்டும்.


கனகராயன்குளத்து அக்கா எழுதியது:

தம்பி, பம்பைமடுத் தம்பி சொன்னதை இன்றைக்கே செய்யுங்கள். அதற்கு வேறு எதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நான் வீட்டிலிருந்து மென்பொருள் சோதனை வேலை செய்கிறவள். பெரும்பாலும் காசு கைமாறுகிற சேவைகள். உங்களுடைய மூன்று பிழைகளையும் வேறு வேறு உடுப்பில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடியில் இருப்பது ஒன்றுதான்: எந்த நிலையில் எதைச் செய்யலாம் என்ற விதி உங்கள் சேவையில் எங்கேயும் முழுதாக எழுதப்படவில்லை. கொஞ்சம் செயலியின் திரையில் இருக்கிறது, ஈரப்பதம் பதியும் வரை விலைப் பொத்தான் மங்கலாகத் தெரிவது அப்படி. கொஞ்சம் சேர்வரில் அங்கங்கே இருக்கிறது. மிச்சம் களஞ்சியத்தில் நிற்பவருடைய தலைக்குள் இருக்கிறது. நீங்கள் கந்தோரில் தட்டிப் பார்க்கும்போது திரை உங்களை ஒழுங்கான வரிசையிலேயே கொண்டுபோகிறது, அதனால் பிழை வரவே வராது. சேர்த்து வைத்த கோரிக்கைகள் சிக்னல் வந்ததும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகும்போது அந்தத் திரை அங்கே இல்லை.

சேவையின் விவரணக் கோப்பும் இதில் உதவாது. பழைய டபிள்யூ.எஸ்.டி.எல். ஆகட்டும், இன்றைய ஓப்பன்ஏபிஐ ஆகட்டும், என்ன அழைப்புகள் உண்டு, எந்த வடிவில் தரவு போகும் என்பதைத்தான் வடிவாகச் சொல்லும். ஈரப்பதம் பதியாமல் விலை உறுதியாகக் கூடாது என்பதை அதில் எழுத இடம் இல்லை. ஓப்பன்ஏபிஐ 3.0இல் ஓர் அழைப்பின் பதிலை அடுத்த அழைப்போடு இணைத்துக் காட்ட வழி வந்தது; ஸ்கீமதெசிஸ் என்ற கருவி அதைப் பிடித்து அழைப்புத் தொடர்களை ஓட்டிப் பார்க்கும். மைக்ரோசொஃப்டின் ரெஸ்ட்லரும் எந்த அழைப்பின் விளைவு எதற்கு வேண்டும் என்று தானே ஊகித்துத் தொடர்களை உருவாக்கும். சேர்வர் 500 (உள்ளே பிழை) என்று விழுகிற இடங்களைக் கண்டுபிடிக்க இரண்டும் நல்லவை. ஆனால் உங்கள் சேவை விழவில்லை. 200 (எல்லாம் சரி) என்று சந்தோஷமாகப் பதில் சொல்லிக்கொண்டே பிழை செய்கிறது. அதைப் பிடிக்க உங்களுடைய விதி அந்தக் கருவிக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே விதியை ஒரே இடத்தில் எழுதுங்கள். எழுதியதை இரண்டு தரம் பயன்படுத்துங்கள்: வெளியிடுவதற்கு முன் சோதனைத் தொடர்களை உருவாக்க ஒரு தரம், வெளியிட்ட பிறகு உண்மையான கோரிக்கைகளைக் கவனிக்க ஒரு தரம். உங்கள் இரண்டு கேள்விக்கும் விடை அந்த ஒரே தாள்.

அந்தத் தாளில் ஒரு வரவின் நிலைகள் இருக்கும்: திறந்தது, நிறை எடுத்தது, ஈரம் அளந்தது, விலை உறுதியானது, பணம் விட்டது, ரத்தானது. ஒவ்வொரு நிலையிலும் எந்த அழைப்பு செல்லும், அது எங்கே கொண்டுபோகும் என்று எழுதுங்கள். நிலையின் பெயர் மட்டும் போதாது. மொத்த நிறை எவ்வளவு, கடைசியாக அளந்த ஈரம் எவ்வளவு என்ற ஞாபகமும் வேண்டும். ஈரம் 14ஆ 17ஆ என்பதைப் பொறுத்துத்தானே அடுத்த படி மாறுகிறது! இப்படி நிலையும் ஞாபகமும் சேர்ந்த மாதிரிக்கு எக்ஸ்-இயந்திரம் என்று பெயர். 1974இல் சாமுவேல் ஐலன்பெர்க் என்ற கணிதவியலாளர் வரையறுத்தார். பிறகு இங்கிலாந்தில் மைக் ஹோல்கோம் அதை மென்பொருளை விவரிக்க எடுத்தார். உள்ளீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற அதன் ஓடை வடிவத்தில் ஒவ்வொரு நிலைமாற்றமும் ஒரு சார்பு: ஓர் உள்ளீட்டையும் ஞாபகத்தையும் எடுத்து, ஒரு வெளியீட்டையும் புது ஞாபகத்தையும் தரும். கோரிக்கை, பதில், தரவுத்தளம் என்ற உங்கள் சேவையின் அமைப்பும் அதேதான். இதனால்தான் நிலையுள்ள இணையச் சேவைகளைச் சோதிக்கவும் ஓடும்போது சரிபார்க்கவும் ஆய்வாளர்கள் இந்த மாதிரியைத் தேடிப் பிடித்தார்கள்.

இனிச் சோதனை. பைத்தனில் ஹைப்போதெசிஸ் என்ற நூலகம் இருக்கிறது, அதில் விதிகள் கொண்ட நிலைப்பொறி எழுதும் பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு அழைப்பையும் ஒரு விதியாக எழுதுவீர்கள், அது எப்போது செல்லும் என்ற முன்நிபந்தனையோடு. எந்தப் படிக்குப் பிறகும் உண்மையாக இருக்க வேண்டியவற்றைத் தனியாக எழுதுவீர்கள். உதாரணமாக, சேர்வர் சொல்கிற மொத்த நிறையும் மாதிரியின் ஞாபகத்தில் உள்ள நிறையும் ஒன்றாக இருக்க வேண்டும். அழைப்புத் தொடர்களை அது தானே உருவாக்கும். அமைப்பை மாற்றாமல் விட்டால் ஓர் ஓட்டத்தில் 100 தொடர்கள், ஒவ்வொன்றும் கூடியது 50 படி. பிழை கண்டால் தேவையில்லாத படிகளைக் கழித்துக் கழித்து, பிழையை இன்னும் காட்டுகிற மிகச் சிறிய தொடரை உங்கள் கையில் தரும். இந்தக் கழிக்கிற வேலையின் அருமை லொக்கை உருட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 2000இல் கோன் கிளாசனும் ஜோன் ஹியூசும் ஹாஸ்கெல் மொழிக்கு எழுதிய குவிக்செக் என்ற சோதனைக் கருவியிலிருந்து வளர்ந்த வழி இது.

இதில் பலர் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. செல்லுகிற அழைப்புகளை மட்டும் விதியாக எழுதுவார்கள். செல்லாதவற்றையும் எழுதுங்கள். "திறந்தது" நிலையில் விலை உறுதி கேட்டால் 409 (இப்போதைய நிலையோடு முரண்) என்ற மறுப்பு வர வேண்டும், வந்த பிறகு வரவு ஒரு மயிரிழையும் மாறியிருக்கக் கூடாது. சேர்வர் 409 சொல்லிவிட்டு உள்ளே பாதியை எழுதி வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

பிறகு வன்னியின் வந்து வந்து போகிற கவரேஜை அதற்குள் கொண்டுவாருங்கள். கோரிக்கையை அனுப்பு, பதிலை எறி, திருப்பி அனுப்பு என்று ஒரு விதி. சேர்த்து வைத்த கோரிக்கைகளைக் குலைத்து அனுப்பு என்று ஒரு விதி. ஒரே வரவை இரண்டு போன்கள் திறந்து வைத்திருக்கும்போது மாறி மாறி அனுப்பு என்று ஒன்று. உங்கள் இரண்டாவது, மூன்றாவது பிழைகள் இதில் அகப்பட்டுவிடும் என்று நான் துணிந்து சொல்வேன்.

ஹைப்போதெசிஸ் படிகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் மோதுவதை அது காட்டாது. அதற்கு வரவுக்கு, அது மாறும் ஒவ்வொரு தடவையும் கூடுகிற ஒரு பதிப்பு எண் வையுங்கள். தான் பார்த்த பதிப்பைக் கோரிக்கையின் இஃப்-மேட்ச் தலைப்பில் செயலி அனுப்பட்டும், பழையதாக இருந்தால் சேர்வர் 412 (நிபந்தனை பொருந்தவில்லை) சொல்லட்டும். 412 கிடைத்த செயலி புது நிலையை எடுத்து, நிற்பவருக்குக் காட்டிவிட்டுத்தான் மீண்டும் அனுப்ப வேண்டும். தானாகத் திருப்பி அனுப்பினால் அந்தப் பதிப்பு எண் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இனி ஓடும்போது பார்ப்பது. அதற்கு, உண்மையான கோரிக்கைகளைத் தாளோடு ஒப்பிட்டுப் பிழையை அறிவிக்கிற ஒரு கண்காணிப்பி வேண்டும். சோதனையில் நாம் நினைத்த வழிகளுக்குள்தான் தொடர் பிறக்கிறது. களத்தில் சனம் போகிற வழி வேறு. மறுபக்கம், கண்காணிப்பிக்கு யாரும் போகாத வழி தெரியாது. துருசில் (மதகில்) நிற்பவருக்கு அந்த வாய்க்காலால் ஓடுகிற தண்ணீர் மட்டுந்தான் கண்ணில் படும். அதனால் ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிடாதீர்கள்.

கண்காணிப்பியைச் சேவையின் வாசலில் வையுங்கள், கோரிக்கையும் பதிலும் இரண்டும் தெரிகிற இடத்தில். ஏற்றதை மட்டும் பதியாமல் மறுத்ததையும் பதியுங்கள். ஒவ்வொரு வரவு எண்ணுக்கும் மாதிரியின் ஒரு பிரதி தனியாக ஓட வேண்டும். எல்லா வரவையும் ஒரே ஓடையாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. வரிசையைப் போனின் மணிக்கூட்டை நம்பி அமைக்காதீர்கள், களஞ்சியத்துப் போன் ஒன்று ஒரு நாள் பிந்தி நிற்கலாம். போஸ்ட்கிரெஸ் தானாகக் கொடுக்கிற தொடர் எண்ணையும் நம்ப வேண்டாம்: எண் கொடுக்கிற ஒழுங்கும் பரிவர்த்தனை முடிகிற ஒழுங்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன வரவின் பதிப்பு எண்ணே சரியான வரிசை, ஏனென்றால் அந்த வரவைப் பூட்டிவிட்டுத்தான் அது கூடுகிறது.

முதலில் அது எதையும் தடுக்க வேண்டாம், அறிவித்தால் போதும். அறுவடை நாளில் ஆக்கள் வரிசையில் நிற்கும்போது, உங்கள் மாதிரியில் ஒரு படி விடுபட்டதற்காகக் களஞ்சியம் நின்றுவிடக் கூடாது. நம்பிக்கை வந்த விதிகளை ஒவ்வொன்றாகச் சேர்வருக்குள் எடுத்து 409 ஆக்குங்கள்.

ஒரு விதி ஓடும்போது கவனிக்கக் கூடியதுதானா என்றும் பாருங்கள். "ஈரம் அளக்காமல் விலை உறுதியாகக் கூடாது" என்பது மீறப்பட்ட கணத்திலேயே தெரியும். "விலை உறுதியான வரவுக்கு எப்போதாவது பணம் போக வேண்டும்" என்பது அப்படியில்லை. இன்றைக்குப் போகாவிட்டால் நாளைக்குப் போகலாமே! காலம் சார்ந்த இப்படியான கூற்றுகளை நிரல்களைப் பற்றிச் சொல்லலாம் என்று 1977இல் காட்டியவர் அமிர் ப்னுவெலி, அதற்காக 1996இல் டியூரிங் விருது பெற்றார். ஓடும்போது நமக்குக் கிடைப்பது கதையின் பாதிதான், அதனால் கண்காணிப்பியின் தீர்ப்பு மூன்று விதம்: சரி, பிழை, இன்னும் சொல்ல முடியாது. மூன்றாவது தீர்ப்பிலேயே ஒரு கமக்காரரின் காசு கிடந்துவிடக் கூடாது. ஆகவே கெடு வையுங்கள். இத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்று உங்கள் அமைப்பு சொல்கிற எண்ணை வைத்தால் அது மீறப்படக் கூடிய விதியாகிவிடும்.

கண்காணிப்பியின் பதிவேட்டில் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் ஒன்றும் போகக் கூடாது. வரவு எண் காணும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் சனத்தின் விவரங்களைத் தேவைக்கு மேல் எங்கேயும் எழுதி வைப்பதை நான் விரும்புவதில்லை.


விசுவமடுப் பெடியன் எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. தாளை எழுதத் தொடங்கியபோதே ஒன்று தெரிந்துவிட்டது: ஈரம் அளக்க முன் விலை உறுதியாகக் கூடாது என்ற விதி சேர்வரில் எங்கேயுமே இல்லை, திரையில் மட்டுந்தான். ஹைப்போதெசிஸ் கொடுத்த மிகச் சிறிய தொடர் இரண்டே படி: வரவைத் திற, விலையை உறுதி செய். அவ்வளவுதான்! குலைத்து அனுப்புகிற விதியில் பணம் விட்ட பிறகு வருகிற ஈரமும் அகப்பட்டது. இரண்டையும் அடைத்துவிட்டேன்.

தனித்துவ எண்ணும் போட்டாயிற்று. ஆனால் இரட்டிப்பு முழுதாகப் போகவில்லை. கண்காணிப்பி அறிவிப்பதைப் பார்த்தால், ஒரே வரவுக்கு வேறு வேறு தனித்துவ எண்களோடு, இரண்டு நாள் இடைவெளியில் நிறை வருகிறது. அது திருப்பி அனுப்பியதாக இருக்க முடியாது. இன்னொரு அறிவிப்பு: விலை உறுதியான பிறகு நிறையைக் குறைக்கச் சொல்லி ஒரு கோரிக்கை, ஒரே களஞ்சியத்திலிருந்து அடிக்கடி வருகிறது. தாளின்படி அது செல்லாது. இவற்றை வழு என்று எடுப்பதா, என் தாள் பிழையா?


முத்தையன்கட்டுக் களஞ்சியம் எழுதியது:

எனக்குக் கணினி எழுதத் தெரியாது, நெல் வாங்கத் தெரியும். இந்தப் பக்கம் என் மகள் காட்டினாள். நீங்கள் சொல்கிறதைப் படித்தால் எங்கள் வேலைதான், அதனால் எழுதுகிறேன்.

இரண்டு நாள் கழித்து வருகிற நிறை காயவிட்ட நெல்லாகத்தான் இருக்கும். ஈரம் கூடினால் நாங்கள் நெல்லைத் திருப்பிக் கொடுப்போம். அவர்கள் கொண்டுபோய் றோட்டோரத்திலோ முற்றத்திலோ காயவிடுவார்கள். வெயில் நல்லாக எறித்தால் கெதியாக வருவார்கள், மழை கண்டால் பிந்தும். மூடையில் முதல் நாள் எழுதின வரவு எண் அப்படியே இருக்கும். அந்த எண்ணைத்தான் போனில் தேடித் திறந்து திரும்ப நிறை போடுவோம். புது வரவு திறந்தால் அந்த ஆளின் பெயர், வங்கி எல்லாம் முதலிலிருந்து கேட்கும், பின்னால் வரிசையில் நிற்கிற சனம் ஏசும். முதல் போட்ட நிறை தானாகப் போய்விடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். காய்ந்த நெல் நிறை குறையும் என்பதால் இரண்டு நிறையும் ஒன்றாக இருக்காது. ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று நீங்கள் எழுதினது அதுதான்.

குறைக்கச் சொல்வது விதைநெல். விலை சொன்ன பிறகு சிலர் யோசிப்பார்கள். அடுத்த போகத்துக்கு விதைக்க இரண்டு மூடை, வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு மூடை என்று திருப்பி எடுப்பார்கள். விலை திருப்தியில்லை என்றால் பாதியையும் எடுப்பார்கள். அது அவர்களுடைய நெல், பணம் போகும் வரைக்கும் நாங்கள் மறிக்க ஏலாது. தயவுசெய்து அதைப் பிழை என்று பூட்டிவிடாதீர்கள். முன்னர் ஒரு செயலி அப்படிப் பூட்டியதால் நாங்கள் கொப்பியில் எழுதி வைத்து மாத முடிவில் கணக்குப் பார்த்தோம், அது பெரிய கரைச்சல்.


கனகராயன்குளத்து அக்கா எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியது நான் எழுதியதைவிடப் பெறுமதி. தம்பி, ஐயா சொன்னதைத் தாளில் ஏற்றுங்கள். கண்காணிப்பி ஒன்றை அறிவித்தால் கோட் பிழையாகவும் இருக்கலாம், தாள் பிழையாகவும் இருக்கலாம். எது என்று தீர்மானிக்கிற உரிமை தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் அல்ல.

முதலாவதற்கு, "காயவிட்டது" என்று ஒரு நிலை வேண்டும். ஈரம் 14க்கு மேல் என்று பதிந்தவுடன் வரவு அங்கே போகும், மொத்த நிறை பூச்சியமாகும். பழைய நிறைகளை அழிக்காமல் செல்லாதவை என்று குறித்து வையுங்கள், பிறகு யாராவது கேட்டால் காட்ட வேண்டும். அந்த நிலையிலிருந்து செல்லுகிற வழி இரண்டுதான், திரும்ப நிறை எடுப்பது, ரத்தாவது. திரும்ப நிறை எடுத்தால் ஈரமும் திரும்ப அளக்க வேண்டும், பழைய ஈரத்தின் ஞாபகமும் போய்விட வேண்டும். இதை மறந்தால் அளக்காத நெல்லுக்கு விலை போகிற பிழை வேறு வாசலால் உள்ளே வரும். காயவிட்டு வராமலே போகிறவர்களும் இருப்பார்கள், வேறு யாருக்காவது விற்றிருப்பார்கள். அதற்கும் ஒரு கெடு வையுங்கள், கெடு முடிந்தால் ரத்து. எவ்வளவு நாள் என்று ஐயாவிடம் கேளுங்கள், மழைக்காலத்துக்கு வேறாக இருக்கும்.

ஏற்கெனவே பதிந்தவற்றையும் இந்தப் புதுத் தாளில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். கண்காணிப்பி பழைய பதிவேட்டையும் படிக்கும், நேரலையாகத்தான் ஓட வேண்டும் என்றில்லை. இந்த அறுவடையில் திறந்த எல்லா வரவுகளையும் முதலிலிருந்து ஓட்டினால், ஈரம் கூடியது என்று பதிந்த பிறகும் பழைய நிறை கூட்டப்பட்டவை எவை என்று பட்டியல் வந்துவிடும். பணம் போகாதவற்றை முதலில் திருத்துங்கள்.

விதைநெல்லுக்கு "மூடை மீளப் பெறல்" என்று தனி அழைப்பு வையுங்கள். நிறையைக் குறைக்கிற பொது அழைப்பாக விடாதீர்கள். "விலை உறுதியானது" நிலையில் அது செல்லும், மீளப் பெற்ற நிறை மொத்தத்தைத் தாண்டக் கூடாது, புதுப் பற்றுச்சீட்டு போக வேண்டும், பழைய சீட்டின் எண் அதில் இருக்க வேண்டும். பணம் விட்ட பிறகு 409. கணக்காளர் பணத்தை விட அழுத்துகிற நேரமும் களஞ்சியத்தில் மூடை திரும்புகிற நேரமும் மோதினால் பதிப்பு எண் காப்பாற்றும். அந்த மோதலை நீங்களே ஒரே நேரத்தில் ஓடுகிற இரண்டு இழைகளை வைத்து ஒரு தனிச் சோதனையாக எழுதுங்கள்.

இன்னும் ஒன்று. இதையெல்லாம் அறுவடை நடுவில் மாற்றப் போகிறீர்கள். பழைய விதியில் திறந்த வரவுகள் இன்னும் முடியாமல் கிடக்கும், சில போன்களில் பழைய செயலியும் ஓடும். தாளுக்கு ஒரு பதிப்பு எண் கொடுத்து, வரவு திறக்கும்போதே அதை வரவில் எழுதிவிடுங்கள். கண்காணிப்பி ஒவ்வொரு வரவையும் அது திறந்த பதிப்பின்படிதான் பார்க்க வேண்டும். பழைய பதிப்பில் திறந்த கடைசி வரவும் முடிந்த பிறகுதான் அந்தப் பழைய விதியைக் கோட்டிலிருந்து எடுக்கலாம்.